யோகப் பயனும் இயமத்தின் இடமும்

யோகத்தைப் பற்றி இன்று எழுதப்படும் நூல்களுட் பெரும்பாலானவை பயன்களைத் தொகுத்துக் கூறுவதிலேயே தொடங்குகின்றன. குருதியமுக்கம் தணியும், முதுகுவலி குறையும், உறக்கம் சீர்ப்படும், மனக்கலக்கம் அகலும் என்றவாறு அப்பட்டியல் நீண்டு செல்லும். இவற்றுட் பல உண்மையே. உண்மையான பயன்களை எடுத்துரைப்பதிற் குற்றமும் இல்லை. ஆயினும் யோகத்தை ஒரு வாழ்நெறியாக வகுத்த பழைய ஆசிரியர்கள் தம் பட்டியலை வேறோரிடத்தில் தொடங்கினர். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலியவற்றை முதற்கண் வைத்து, உடலை நிலைநிறுத்துவதையும் மூச்சை ஒழுங்குபடுத்துவதையும் அவற்றின் பின்னரே வைத்தனர். இவ்வரிசை மரபு கருதிச் சேர்க்கப்பட்ட வெறும் பாயிரமா, அன்றி யோகம் தரும் பயனோடு உள்ளார்ந்த தொடர்புடையதா என்பது சிந்தனைக்குரிய வினாவாகும். வேறொரு வகையிற் கேட்பின், அறத்தை ஒருபுறம் விலக்கிவிட்டு அமைதியை மட்டும் பெற்றுக்கொள்ள இயலுமா? இயலுமாயின், அவ்வமைதி விரும்பத்தக்கதா?

பழைய நூல்கள் உடற்பயனை இகழ்ந்தன என்று கொள்வது பொருந்தாது. பதஞ்சலியாரின் யோக சூத்திரம் நான்கு பாதங்களையும் இருநூற்றுக்குச் சற்றுக் குறைந்த சூத்திரங்களையும் கொண்டது. அவற்றுள் மூன்று மட்டுமே ஆசனத்துக்கு உரியன. அசைவற்றதாயும் இன்பமாயும் அமைந்த இருக்கையே ஆசனம் என்பதும், அதனால் வெப்பம், குளிர் முதலிய இருமைகள் ஒருவனைத் தாக்கா என்பதுமே அங்குக் கூறப்படும் செய்தி. ஆயின் அதே நூலின் முதற்பாதத்தில், சித்தத்தைச் சிதறச் செய்யும் இடையூறுகள் ஒன்பது எண்ணப்படுமிடத்து, நோயே முதலாவதாக நிற்கின்றது. ஆகவே பதஞ்சலியாரின் நோக்கில் உடல்நலம் என்பது வழியிற் கிடக்கும் முள்ளை அகற்றுதல் போன்றது. முள்ளை அகற்றியதோடு பயணம் முடிந்துவிடாது. மூன்றாம் பாதத்திற் பலவகைச் சித்திகளை விரிவாகக் கூறிச் செல்பவர், இடையே நின்று, அவை சமாதிக்குத் தடைகளாகும் என எச்சரிப்பதும் இக்கருத்தை ஒட்டியதே.

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகையோ உடற்பயனைத் தாராளமாகவே பேசுகின்றது. ஒவ்வோர் ஆசனமும் எந்நோயைப் போக்கும், பசித்தீயை எவ்வாறு வளர்க்கும் என்றெல்லாம் அந்நூல் கூறும். எனவே பயன் கூறும் வழக்கம் மேனாட்டு வாணிகத்தாற் பிறந்தது என்று பழி சுமத்துவார் கூற்று முழுவதும் சரியன்று. திருமூலரின் நிலை இன்னும் கனிவானது. உடலை இழிந்ததென ஒதுக்கிய மனநிலையைக் கடந்து, அதனை இறைவன் உறையும் இடமாகக் கண்டு பேணும் மனநிலைக்கு வந்தமையை அவரே பாடியுள்ளார். உடல் அழியின் உயிரும் அழியும் என்பதும் அவர் கருத்து. உடலைப் பகையாகக் கருதிய துறவு மரபுகள் பல நிலவிய சூழலில் இது துணிவான கூற்று எனலாம். இத்துணை அன்போடு உடலைப் போற்றிய அவரும், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைக் கூறப் புகுந்தபோது, இயமத்தையும் நியமத்தையுமே முன்வைத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பயன் முன்னணிக்கு வந்த வரலாறு பெரிதும் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. விவேகானந்தர் 1896 இல் வெளியிட்ட இராஜயோகம் என்னும் நூல் மேனாட்டாருக்கு யோகத்தை அறிமுகஞ் செய்தவற்றுள் தலையாயது. உடலை வலுப்படுத்துவதையே நோக்காகக் கொண்ட ஹடயோகத்துக்கு அந்நூல் அதிக மதிப்பு அளிக்கவில்லை. அடுத்த ஆண்டு சனவரியிற் கொழும்பில் வந்திறங்கி யாழ்ப்பாணம்வரை சென்று அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலும் ஆசனங்கள் இடம்பெறவில்லை, வேதாந்தமே பொருளாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிற்று. 1924 இல் லொனாவ்லாவிற் கைவல்யதாமத்தை நிறுவிய குவலயானந்தர் எக்ஸ் கதிர்ப் படங்களையும் அமுக்கத்தை அளக்கும் கருவிகளையும் துணைகொண்டு யோகக் கிரியைகளை ஆராய்ந்தார். 1933 முதல் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்றவருள் ஒருவர் பி. கே. எஸ். ஐயங்கார். இளமையிற் காசநோயால் நலிந்திருந்த அவர் 1966 இல் வெளியிட்ட நூலில் இருநூறு ஆசனங்களைப் படங்களோடு விளக்கினார். மூன்று சூத்திரங்கள் இருநூறு ஆசனங்களாக விரிந்தமை வியப்புக்குரியதே. எனினும் ஐயங்காரின் நூல் இயம நியமங்களை முன்னுரையிற் போதிய அளவு விளக்குகின்றது என்பதையும் சொல்லவேண்டும். படங்களைப் புரட்டுவோர் அப்பக்கங்களில் தங்குவது அரிது. அது நூலின் குற்றமன்று.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. பத்தமடையிற் பிறந்து, மலாயாவிற் சுமார் பத்தாண்டுகள் வைத்தியராகப் பணியாற்றிப் பின் இருடிகேசத்திற் துறவியான சிவானந்தரின் மாணாக்கருள் ஒருவர் சச்சிதானந்தர். 1953 முதல் திருகோணமலையிலும் கண்டியிலும் ஆச்சிரமம் அமைத்துப் பத்தாண்டுகளுக்கு மேல் யோகம் கற்பித்த அவர் 1966 இல் நியூயோர்க் சென்றார். 1969 இல் உட்ஸ்ரொக் இசைவிழாவைத் தொடக்கிவைத்துப் பேசியவரும் அவரே. அவரிடம் யோகம் பயின்ற டீன் ஓர்னிஷ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1990 இல் லான்செற் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, யோகத்தின் உடற்பயன் பற்றிப் பேசுவோர் பெரிதும் எடுத்துக்காட்டுவது. அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

இதயத்துக்குக் குருதி செலுத்தும் நாடிகளில் அடைப்புடையோருள் 28 பேர் புதிய வாழ்க்கைமுறைக்கும் 20 பேர் வழமையான சிகிச்சைக்கும் ஒதுக்கப்பட்டனர். ஓராண்டின் பின்னர் முதலாவது அணியினரின் நாடிச் சுருக்கம் சராசரியாக நூற்றுக்கு 40.0 இலிருந்து 37.8 ஆகக் குறைந்தது. மற்றைய அணியினரிடத்து 42.7 இலிருந்து 46.1 ஆகக் கூடிற்று. மாற்றம் சிறிதெனினும், அடைப்பு ஒருகால் ஏற்படின் மீளாது என்ற பொதுநம்பிக்கையை அசைத்த முடிவு அது. இதனை யோகத்தின் வெற்றியாகக் கூறுவோர் பொதுவாகச் சொல்லாது விடுவது ஒன்றுண்டு. அந்நோயாளர் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் செய்தவர் அல்லர். கொழுப்பு மிகக் குறைந்த மரக்கறி உணவை உண்டனர், புகைத்தலை விட்டனர், நடந்தனர், குழுவாகக் கூடித் தம் உள்ளக் குறைகளை ஒருவரோடொருவர் பகிர்ந்தனர். இவற்றுள் எது எவ்வளவு பயன் தந்தது என அவ்வாய்விலிருந்து பிரித்தறிய இயலாது. விஞ்ஞான நோக்கில் இது குறை. ஆயின் வேறொரு நோக்கில், நாவடக்கம், புகை விலக்கல், பிறரோடு கூடிவாழ்தல் என்பவற்றோடு சேர்ந்த யோகமே அங்குச் சோதிக்கப்பட்டது. பழைய ஆசிரியர் வகுத்த முழுமைக்கு அது நெருங்கியது.

ஆசனத்தைத் தனியே பிரித்தெடுத்துச் சோதித்தால் யாது நிகழும்? 2011 இல் அமெரிக்காவில் நாட்பட்ட இடுப்புவலியுடைய 228 பேரிடத்து நடத்தப்பட்ட ஆய்வொன்றில் யோக வகுப்புக்குச் சென்றோர், கைந்நூலைப் படித்துத் தாமே பயின்றோரைவிட மேலான பயன் பெற்றனர். ஆயின் தசைகளை நீட்டும் சாதாரணப் பயிற்சியை வகுப்பிற் செய்தோரும் அதே அளவு பயன் பெற்றனர். மூச்சின் செய்தியும் இத்தகையதே. ஓய்விலிருக்கும் மனிதன் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை சுவாசிப்பான். அது ஆறு தடவையளவிற்குக் குறையுமிடத்து, குருதியமுக்கத்திற் சுமார் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை இயல்பாகவே எழுந்து தாழும் அலையோடு மூச்சு இசைந்துவிடுகின்றது; மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் பத்தாம் மண்டையோட்டு நரம்பின் செயல் மேலோங்க, இதயம் நிதானப்படுகின்றது. 2001 இற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று 23 பேரைக் கொண்டு இதனைக் காட்டிற்று. பௌத்த மந்திரத்தை ஓதியபோதும் கத்தோலிக்கச் செபமாலையை இலத்தீன் மொழியிற் சொன்னபோதும் அவர்களின் மூச்சு ஏறத்தாழ ஆறாகவே குறைந்தது; இரண்டின் விளைவும் ஒன்றே. உடலுக்குச் சமயபேதம் தெரியாது.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், உடற்பயனை மட்டும் கருதுவோர்க்கு யோகத்தைவிட்டாலும் வேறு வழிகள் உண்டு என்பதே. நீந்துதலும் நடத்தலும் செபித்தலும் ஏறத்தாழ அதே பயனைத் தரக்கூடும். பயன் கருதாது கடமை செய்க என்னும் கீதையின் போதனையை மேடையிற் போற்றிவிட்டு, அடுத்த மூச்சிலேயே யோகத்தின் பயன்களை விரல்விட்டு எண்ணிக் காட்டும் சொற்பொழிவாளர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

மனப்பயன் பற்றிய வினாவே கடினமானது. மனம் அமைதியடைதல் நன்மை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆதலால் அதனை ஆராய்வாரும் இல்லை. ஓர் உதாரணம் கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கமொன்றின் முகாமையாளர் கணக்கேட்டை மாற்றி எழுதிப் பணத்தைத் தமதாக்கிக்கொண்டார் என்க. இரவில் அவருக்கு உறக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கின்றது. அவர் யோகப் பயிற்சியைத் தொடங்குகின்றார். மூன்று மாதத்திற் படபடப்பு அடங்கி நன்றாக உறங்குகின்றார். பயிற்சி பலித்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வுறக்கமின்மைக்கு காரணம் நரம்பில் இருக்கவில்லை, ஏட்டில் இருந்தது. ஏடு திருத்தப்படவில்லை. பயிற்சி பலித்தமையே இங்கு நேர்ந்த கேடு.

இது வெறுங் கற்பனையன்று. 2022 இல் ஆளுமை, சமூக உளவியல் துறைக்குரிய சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஆய்வுத்தொகுதி, எட்டுப் பரிசோதனைகளில் 1400 இற்கு மேற்பட்டோரை ஈடுபடுத்தியது. பிறருக்குத் தாம் இழைத்த தீங்கை நினைவுகூர்ந்த பின் மூச்சில் மனத்தைக் குவிக்கும் தியானத்திற் சில நிமிடம் ஈடுபட்டவரிடத்துக் குற்றவுணர்வு குறைந்திருந்தது. அதனோடு, இழைத்த தீங்குக்கு ஈடுசெய்யும் விருப்பமும் குறைந்திருந்தது. சில நிமிடப் பயிற்சியை ஆண்டுக்கணக்கான சாதனையோடு ஒப்பிடலாகாது என்பது உண்மையே. ஆயினும் அமைதி தானாகவே அறத்தை ஈன்றெடுக்கும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இது தடையாய் நிற்கின்றது.

வலி என்பது எப்போதும் பகையன்று. தொழுநோயாளர் விரல்களை இழப்பதற்குப் பெருங் காரணம் உணர்வு அற்றுப்போதலே என மருத்துவர் கூறுவர். நெருப்புச் சுடுவதை அறியாத கை நெருப்பிலேயே கிடக்கும். மனச்சான்றின் வலியும் அத்தகையதே. அதனை அகற்றும் வழி ஒன்றேயுண்டு. சுட்ட இடத்திலிருந்து கையை எடுத்தல். எடுக்காமலே வலியை நீக்கும் வித்தை ஒருவனுக்குக் கைவந்துவிடின், அவன் வித்தை அறியாதவனைவிடக் கெட்டுப்போகும் வாய்ப்புடையவன். இயமம் முதலில் வைக்கப்பட்டமைக்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை. பொய்யும் களவும் நீங்கிய பின்னர் மனத்தில் எஞ்சும் கலக்கம் பெரும்பாலும் வீண் கலக்கம். அதனை மூச்சால் அடக்குவதிற் தீங்கில்லை. அவை நீங்குமுன் உள்ள கலக்கத்தில் ஒரு பகுதி, கேட்கப்படவேண்டிய குரல்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். பயிற்சியால் மனம் தெளியத் தெளிய வெகுளி தணியும். வெகுளி தணிந்தவன் பிறர்க்குத் தீங்கு செய்யான். ஆகவே ஆசனத்திற் தொடங்கினும் அறத்திற் சென்று முடியும் என்பர். வெகுளியாற் செய்யும் தீமையைப் பொறுத்தவரை இது பெரிதும் ஏற்புடையது. கைநீட்டும் பழக்கமுள்ள ஒருவர் பத்து மூச்சு நிதானித்தால் அவர் வீட்டில் அன்று அழுகுரல் கேட்காமற் போகலாம். அதைச் சிறு பயன் என்று தள்ளிவிட முடியாது. ஆயின் உலகின் பெருந்தீமைகள் பல வெகுளியாற் செய்யப்படுவன அல்ல. அவை நிதானமாக, கூட்டங்கூடி, ஏட்டிற் பதிந்து செய்யப்படுவன. துப்பாக்கியிற் குறிபார்ப்பவன் விசையை அழுத்துமுன் மூச்சை நிறுத்துகின்றான். புகழ்பெற்ற யோகாசான்கள் சிலர்மீது அவர்தம் மாணாக்கியரே கூறிய முறைப்பாடுகளும் இவ்விடத்தில் மறக்கத்தக்கன அல்ல. உடல் வணங்கியது, மூச்சு வணங்கியது, ஆசை வணங்கவில்லை.

பதஞ்சலியாரும் இதனை அறிந்திருந்தார் போலும். சித்தம் தெளிவதற்கு அவர் கூறும் வழிகளுள் முதலாவது மூச்சன்று. இன்புறுவாரிடத்து நட்பும், துன்புறுவாரிடத்து இரக்கமும், நல்லாரிடத்து மகிழ்வும், தீயாரிடத்து விருப்புவெறுப்பின்மையும் கொள்ளுதலையே முதலிற் கூறி, மூச்சை அதன் பின்னர் வைத்தார். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் இந்நான்கும் இந்நாட்டுப் பௌத்தர்க்கும் நன்கு பழகியவை. மேற்கூறிய 2022 ஆம் ஆண்டு ஆய்விலும், பிறர் நலத்தை விரும்பும் மைத்திரித் தியானம் செய்தோர், மூச்சில் மட்டும் மனங்குவித்தோரைவிடத் தாம் செய்த தீங்குக்கு ஈடுசெய்ய அதிகம் முன்வந்தனர் என்பது கருத்தைக் கவர்வது. தீயாரிடத்து உபேட்சை என்பதில் மட்டும் ஓர் இடர்ப்பாடுண்டு. அநீதியைக் கண்டும் வாளாவிருத்தலை அது போதிக்கின்றதா? தன் உள்ளத்தை வெறுப்பு எரித்துவிடாது காத்தற்குக் கூறிய அறிவுரை அது என்று கொள்ளல் பொருந்தும். நீதிபதிக்கோ குடிமகனுக்கோ அது விதியாகாது.

இனி, எதிர்த்திசையிலிருந்து எழும் ஆட்சேபம் ஒன்று. முழங்கால் நோவோடு வரும் மூதாட்டியிடம், முதலில் இயமம் பத்தும் கைக்கொண்டு வருக எனக் கூறுவது கொடுமையன்றோ? கொடுமையே. மருந்து பெறுவதற்கு நல்லொழுக்கச் சான்றிதழ் தேவையில்லை. ஆசனத்தை நோய் நீக்கும் பயிற்சியாகக் கொள்வோர் அதனை அவ்வாறே கொள்ளலாம். எவருக்கு எது ஆகாது என அறிந்து செய்தால் அது போதும். சிரசாசனம் கண்ணினுள் உள்ள அமுக்கத்தைக் கூட்டுவதால் அவ்வமுக்க நோயுடையார்க்கு ஆகாது என்பது போன்ற அறிவு அங்கு இயமத்தைவிட அவசரமானது. சிக்கல் தோன்றுவது, மருந்தை நெறி என்று பெயரிட்டு வழங்கும்போதுதான். வகுப்பு முடித்தவர் தம்மை உடல்நலம் பெற்றவராக அன்றி உயர்ந்தவராகக் கருதத் தொடங்கும்போது, பெறாத ஒன்றைப் பெற்றதாகக் கொள்கின்றார்.

சமூக நோக்கிலும் இதனைக் காணவேண்டும். நாள் முழுதும் மலைச்சரிவில் நின்று கொழுந்து கொய்யும் பெண்ணின் முதுகு நோகின்றது. அந்திவரை கொய்தும் நிறை குறைந்துவிட்டால் நாட்கூலி முழுமையாகக் கிடைக்குமோ என மனமும் நோகின்றது. அவளுக்கு முதுகை நீட்டும் பயிற்சி உதவும். மூச்சை நிதானிக்கக் கற்பித்தால் அன்றைய இரவு சற்றே இலகுவாகக் கழியவும் கூடும். ஆயின் அவள் கவலைக்குக் காரணம் தராசிலும் சம்பளப் பட்டியலிலும் இருக்க, தீர்வு அவள் மூச்சில் இருப்பதாகக் கூறுவது, முகாமையாளரின் உதாரணத்தை மறுதலையாகத் திருப்பியதே. அங்குத் தவறு செய்தவன் தன் அமைதியை வாங்கிக்கொண்டான். இங்குத் தவறுக்கு உள்ளானவளிடம் அமைதி கொடுக்கப்படுகின்றது. இரண்டிலும் ஏடு திருத்தப்படவில்லை. 2014 டிசம்பரில் 177 நாடுகளின் இணை அனுசரணையோடு ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச யோக தினத்தைப் பிரகடனஞ் செய்தது. 2015 முதல் ஆண்டுதோறும் யூன் 21 இல் அத்தினம் கொண்டாடப்படுகின்றது. பாய் விரித்து நிரைநிரையாக அமர்ந்திருப்போரின் படங்கள் பத்திரிகைகளை அழகுசெய்யும். அப்பாய்களில் அமர்ந்து எழுவோர் மறுநாட் காலை என்ன கூலி கொடுக்கின்றனர் என்பதை எப்படமும் காட்டாது.

இவ்விடத்திலேதான் திருமூலரின் இயமம் தனிச்சிறப்புப் பெறுகின்றது. பதஞ்சலியார் கூறும் இயமங்கள் ஐந்து: இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர்பொருள் ஏற்காமை. சாதி, தேசம், காலம், சூழ்நிலை எதனாலும் வரையறைப்படாத மாவிரதம் என அவற்றை அவர் சிறப்பித்தமை போற்றற்குரியது. ஆயின் அவை பெரும்பாலும் விலக்குகள், செய்யாதிருக்கவேண்டியவற்றைக் கூறுவன. திருமூலர் பத்தாக விரித்த இயமத்தில் நடுவுநிலைமையும் பகுத்துண்ணலும் இடம்பெறுகின்றன. உண்ணாமை நோன்பை யோகத்தோடு இணைத்தோர் பலர். உள்ள சோற்றைப் பகிர்ந்துண்ணுதலை யோகத்தின் முதற்படியிலேயே வைத்தமை தமிழ் மரபின் கொடை எனலாம். பகுத்துண்பதற்கு மற்றொருவர் வேண்டும். தனித்த அறையிற் கண்மூடியிருந்து அதனைச் செய்துவிட முடியாது.

இயமம் கைவிடப்பட்டமைக்கு எவருடைய சூழ்ச்சியும் காரணமன்று. ஆசனத்தை மணிக்கணக்கிற் கற்பிக்கலாம், முன்னேற்றத்தைக் கண்ணாற் காணலாம், கட்டணமும் அறவிடலாம். வாய்மையை அவ்வாறு வாரத்துக்கு இரு வகுப்பாகக் கற்பிக்க முடியாது. பரீட்சிப்பதோ இன்னும் அரிது. கற்பிக்கத்தக்கது நிலைத்தது, கற்பிக்கவியலாதது உதிர்ந்தது. பாடசாலைகளில் யோகத்தைப் புகுத்த விரும்புவோர் எதிர்கொள்ளும் உண்மையான இடர்ப்பாடும் இதுவே. மாணவனை அசையாதிருக்கப் பழக்குவது எளிது. கல்லெறியாதிருக்கப் பழக்குவதற்கு ஆசிரியர் தாமே அவனைப் பிரம்பால் அடியாதிருத்தல் வேண்டும்.

பதஞ்சலியார் ஆசனத்தின் பயனைக் கூறுமிடத்து, அது பயில்வோனிடத்துத் தோன்றும் என்றார்: இருமைகள் அவனைத் தாக்கா. அகிம்சையின் பயனைக் கூறுமிடத்தோ, அதில் நிலைபெற்றவன் முன்னிலையிற் பிறர் பகை நீங்கும் என்றார். ஏனைய இயமங்களுக்கு அவர் கூறும் பயன்கள் இத்தகையன அல்ல. முதலாவதற்கு மட்டுமே பயன் பக்கத்திலிருப்பவனிடத்துத் தோன்றுகின்றது. குருதியமுக்கமானி இதனை அளக்காது. யோகம் பயிலும் ஒருவரின் மனைவியையும், வீட்டு வேலையாளையும், அவரிடம் கடன்பட்டவரையும் கேட்டாற் தெரியும். நல்லூர்த் தேரடிச் செல்லப்பரின் சீடராய் விளங்கி 1964 இல் மறைந்தவரை யாழ்ப்பாணத்தார் யோகர் சுவாமிகள் என்றே அழைத்தனர். 1935 இல் அவர் வழிகாட்டலிற் தொடங்கிய சஞ்சிகைக்கு யோகத்தின் பெயர் இடப்படவில்லை. சிவதொண்டன் என்று பெயரிட்டனர்.